காலி ஆசனம் யாருக்காக? யார் செலவில்?

ஆகாய விமானக் கம்பெனிகள் சிலவற்றில், அடிக்கடி பிரயாணம் செய்கிறவர் என்று முத்திரை குத்தப்பட்ட கனவான்களுக்குப் பக்கத்து ஆசனத்தில் எவரையும் உட்கார வைக்காமல், கூடியவரை காலியாகவே போட்டு வைக்கும் வழக்கம் ஒன்று நடந்து வருகிறது. அந்தக் கனவான் அந்தக் காலி ஆசனத்துக்கென்று தம்பிடிகூடக் கொடுப்பதில்லை. வேண்டும் என்று வாய் திறந்து கேட்பதுமில்லை. அவர் பையில் தங்க நிறத்திலோ பிளாட்டின நிறத்திலோ ஒரு கார்டு இருக்கிறது என்பதே போதும். கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாகவே பக்கத்து இடத்தைப் பூட்டி விடுகிறது.

இதைக் கேட்டவுடன், "இது பணக்காரன் சங்கதி. நமக்கு ஆற்றில் தண்ணீர் வருமா, நெல்லுக்கு விலை கிடைக்குமா என்பதே பெரிய கவலையாயிருக்க, ஆகாயத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் ஒரு நாள் இரவு திருச்சி விமான நிலையத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கும்பகோணம், பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, வலங்கைமான், கூத்தாநல்லூர் என்று நமது பக்கத்து ஊர்ப் பெயர்களே அங்கே காதில் விழும். சிங்கப்பூருக்கும், மலேயாவுக்கும், துபாய்க்கும், மஸ்கட்டுக்கும் போகிறவர்கள் யார்? காவேரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம் சோறு போடாது என்று கண்டு, கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள்தானே! இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் வந்து, பெண்டாட்டி பிள்ளைகளையும் வயதான தாயாரையும் ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தானே! ஆகவே இது நம்முடைய சங்கதியும்தான்.

நடக்கும் விதம்

நம் நாட்டில் அதிகமாகப் பறக்கும் ஏர்பஸ் 320 என்னும் ஒற்றை நடைபாதை விமானத்தை எடுத்துக்கொள்வோம். நடைபாதைக்கு இந்தப்புறம் மூன்று, அந்தப்புறம் மூன்று என்று ஒரு வரிசையில் 6 ஆசனங்கள். 30 வரிசை போட்டால் 180 பேர். ஒவ்வொரு மூன்றிலும் ஜன்னலோரம் ஒன்று, நடைபாதையோரம் ஒன்று, நடுவில் ஒன்று. நடு ஆசனத்தை யாரும் விரும்புவதில்லை. ஆனால் மூன்று பேர் சேர்ந்து உட்கார வேண்டுமானால், அந்த நடு ஆசனம் இல்லாமல் முடியாது.

இனி, தங்கக் கார்டுக்காரர் ஒருவர் ஜன்னலோர ஆசனத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷமே அவர் பக்கத்து நடு ஆசனம், சாதாரணப் பிரயாணிகள் பார்க்கும் படத்தில் 'எடுக்கப்பட்டது' என்று காட்டப்படும். உண்மையில் அதை யாரும் எடுக்கவில்லை. அந்த ஆசனத்துக்குச் சீட்டு வாங்கின ஆள் உலகத்திலேயே கிடையாது. இம்மாதிரிக் கார்டுக்காரர்கள் ஒரு விமானத்தில் 12 பேர் இருந்தால் 12 ஆசனங்கள் மறைந்து போகும். ஒரு மாதம் முந்தியே சீட்டு வாங்கி, தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து உட்கார இடம் தேடுகிற குடும்பத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இடம் தெரியும். கூட்டம் அதிகமாகிக் கடைசி நேரத்தில் வேறு வழியில்லை என்று ஆன பின்பே பூட்டு கழற்றப்படும். அப்போது யாருக்கு அந்த இடம் போகும்? கடைசியில் வந்த யாரோ ஒருவருக்கு. ஒரு மாதம் முன்பே வந்து கேட்ட குடும்பமோ நாலு மூலையில்!

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி தன் பிளாட்டினம் வகுப்பு அங்கத்தினர்களுக்கும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனி தன் தங்கக் கார்டுக்காரர்களுக்கும் இந்த மாதிரிச் சலுகை காட்டி வருவது, அடிக்கடி பறக்கிறவர்கள் வட்டாரத்தில் தெரிந்த சங்கதி. 'இயன்றவரை' என்ற ஒரு வார்த்தையும் அதோடு சேர்ந்தே வரும். இயன்றவரை என்றால் யாருக்கு இயன்றவரை? வேறு யாருக்கு இயலாமல் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

திருச்சியிலிருந்து பறக்கும் மலிவுக் கட்டணக் கம்பெனிகளின் முறை வேறு. அங்கே ஆசனத்தைப் பேர் பேராக விற்கிறார்கள். 2018 நவம்பரில் இண்டிகோ கம்பெனி, வீட்டிலிருந்தே இணையத்தில் ஆசனம் குறித்துக்கொள்வதானால் எந்த ஆசனத்துக்கும் கட்டணம் உண்டு என்று அறிவித்தபோது பெரிய கூச்சல் எழுந்து, மத்திய மந்திரி இலாகாவே அதை ஆராய்ந்து பார்ப்பதாகச் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே முறை இரண்டு. ஏழை, தன் பிள்ளை பக்கத்தில் உட்காருவதற்குப் பணம் கொடுக்க வேண்டும். பணக்காரனுக்கோ, பக்கத்தில் யாரும் உட்காராமல் இருப்பது இனாம்!

துண்டு போடுவது யார்?

நமது ஊர் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பஸ் நிற்கும் முன்பே ஓடி வந்து ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ போட்டுவிட்டால் அந்த இடம் அவனுடையது என்று ஒரு வழக்கம். அது நல்ல வழக்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு யோக்கியப் பொறுப்பு இருக்கிறது. போட்டவன் துண்டு கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் வருகிறவன், "யாரப்பா துண்டு போட்டது? ஆள் எங்கே?" என்று கேட்கலாம். ஆள் வராவிட்டால் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காரலாம். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றால், துண்டு போட்டவனுக்கே வெட்கம் வந்து எழுந்து விடுவான்.

விமானத்தில் போட்ட துண்டோ கண்ணுக்குத் தெரியாத துண்டு. அதைப் போட்டவர் பிரயாணியுமல்ல, கண்டக்டரே! எல்லோரிடமும் காசு வாங்கின கண்டக்டரே ஒரு மிராசுதாருக்காகப் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு, மற்றவர்களிடம் "அங்கே ஆள் இருக்கிறது" என்று பொய் சொல்வானானால் அந்தப் பஸ்ஸில் என்ன நடக்கும்? திருவிடைமருதூர் தாண்டுவதற்குள் வாய்ச்சண்டை கைச்சண்டையாகியிருக்கும். அதையே கம்ப்யூட்டர் செய்தால், பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு 27ஆம் வரிசைக்குப் போய்விடுகிறோம். கருவி புதிதானால் அக்கிரமமும் நாகரிகமாகி விடுமா?

'நிழல்' என்ற பெயர்

இந்தப் பூட்டுக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர் 'ஷேடோ', அதாவது நிழல். பக்கத்து ஆசனத்தின் மேல் கனவானின் நிழல் விழுந்திருப்பதால் அதில் பிறர் உட்காரக் கூடாதாம்! பெயர் வைத்தவர்களுக்கு நம் நாட்டுச் சங்கதி தெரியாது. நமக்குத் தெரியும். நிழல் பட்டால் தீட்டு என்று சொல்லி மனிதனை இத்தனை அடி தள்ளி நில் என்று விரட்டிய தேசம் இது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டமும், கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடப்பதற்காகத்தான் நடந்தது. தென்னாட்டு ரயில்வே நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனியிடம், கிளர்ச்சியின் பேரில் 1941இல்தான் ஒழிந்தது. அந்தக் காலத்தில், தனியிடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, பொது இடத்தில் நாற்பது பேர் நின்றுகொண்டு சாப்பிட்டாலும், தனியிடத்துக் காலிப் பலகையில் ஒருவன் உட்கார முடியாது. தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்றபோது, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படிப்பட்ட பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்ட பிறகே அவர்களுக்குப் புத்தி வந்தது.

தீண்டாமையும் இந்தக் காலி ஆசனமும் ஒன்றுதான் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துக் கூற வேண்டாம். தீண்டாமை மனிதனைப் பிறவியிலேயே கொன்ற கொடுமை. இது ஒரு சில மணி நேரத்து அசௌகரியம். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற வேர் ஒன்று. 'பக்கத்தில் ஆள் இல்லாமல் இருப்பதே பெருமை, நெருங்கி உட்காருகிறவன் நம் அந்தஸ்தைக் குறைக்கிறான்' என்கிற எண்ணமே அந்த வேர். நமது ஜில்லாவில் மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்தத் திண்ணையில் பத்துப் பேருக்கு இடம் இருந்தாலும் பண்ணையாள் தெருவில்தான் நின்றான். தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கிற்று. மிராசுதாருக்குத் திண்ணை முழுவதும் தேவையாயிருந்ததா? இல்லை. காலியாயிருப்பதுதான் அவருக்குத் தேவை. அந்தத் திண்ணையைத்தான் இன்று விமானத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

கார்டு பிறந்த கதை

இந்தக் கார்டுகள் பிரயாணிகள் மேல் வைத்த அன்பினால் பிறந்தவையுமல்ல. 1981 மே 1ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, பறந்த மைலுக்குப் புள்ளி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதைப் பார்த்து உலகத்துக் கம்பெனிகளெல்லாம் தொடங்கின. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் கட்டினார்கள். பிறகு பாங்கிகள் அந்தப் புள்ளிகளைக் கம்பெனியிடம் மொத்தமாக விலைக்கு வாங்கித் தங்கள் கிரெடிட் கார்டுக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தன. வியாபாரம் எவ்வளவு பெரியதென்றால், 2020இல் விமானங்கள் பறக்காமல் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி தன் புள்ளித் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலரும், டெல்டா கம்பெனி 900 கோடி டாலரும் கடன் திரட்டின. விமானத்தை அடமானம் வைப்பதுபோலவே, மனிதனுடைய அந்தஸ்து ஆசையையும் அடமானம் வைக்கலாம் என்று உலகம் அன்று கண்டுகொண்டது!

தொற்று வந்தபோது சொன்ன நியாயம்

அதே 2020ஆம் வருஷத்தில் நடந்த இன்னொரு சங்கதியை வாசகர்கள் மறந்திருக்கக் கூடாது. கொரோனாத் தொற்று பரவிக்கொண்டிருந்தது. நடு ஆசனத்தைக் காலியாக விட்டால் பிரயாணிகளுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு என்று பலரும் கேட்டார்கள். அதற்கு உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் என்ன பதில் சொல்லிற்று? 2020 மே மாதத்தில், அப்படிக் கட்டாயப்படுத்துவதைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்றும், நடு ஆசனத்தைக் காலியாக விட்டால் விமானம் 62 சதவீதத்துக்கு மேல் நிரம்பாது என்றும், நஷ்டமில்லாமல் பறக்கச் சராசரி 77 சதவீதம் நிரம்ப வேண்டும் என்றும், கட்டணத்தை 43 முதல் 54 சதவீதம் வரை உயர்த்த வேண்டி வரும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டிற்று.

நம் நாட்டிலும் அதே வழக்கு நடந்தது. வெளிநாடுகளில் சிக்கிய நம்மவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஏர் இந்தியா விமானங்களில் நடு ஆசனத்திலும் ஆள் ஏற்றுகிறார்கள் என்று அந்தக் கம்பெனி விமானி ஒருவரே பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2020 மே 25 அன்று சுப்ரீம் கோர்ட், ஜூன் 6 வரை ஏற்கெனவே பதிவான நடு ஆசனங்களில் ஆள் ஏற்ற அனுமதித்து, அதற்குப் பிறகு ஹைகோர்ட் உத்தரவுப்படி நடக்கச் சொல்லிற்று. விமானக் கம்பெனிகளின் ஆரோக்கியத்தைவிட ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்றும் நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். ஜூன் 15 அன்று ஹைகோர்ட் நடு ஆசனத்தில் ஆள் ஏற்றலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்களுக்கு ஒரு மேலங்கி கொடுக்கப்பட்டது. வளைகுடாவில் வேலை போய், கையில் காசில்லாமல் திரும்பிய நம் கூலித் தொழிலாளி அந்த மேலங்கியைப் போர்த்திக்கொண்டு நடு ஆசனத்தில் நெருக்கி உட்கார்ந்துதான் ஊர் வந்து சேர்ந்தான்.

நாம் கேட்கிறோம்: உயிருக்காகக் கேட்டபோது 'கட்டுப்படியாகாது' என்று கணக்குக் காட்டின கைகள், கார்டுக்காகச் செய்யும்போது மட்டும் கணக்கை எங்கே வைத்துவிடுகின்றன? ஜனங்களின் பாதுகாப்புக்கென்றால் நஷ்டம், கனவான்களின் கௌரவத்துக்கென்றால் உபசாரமா? இரண்டு இடத்திலும் காலியாகக் கிடப்பது அதே நடு ஆசனம்தானே!

சமாதானங்கள்

இந்த வழக்கத்துக்குச் சமாதானம் சொல்லுகிறவர்களும் இல்லாமலில்லை. அவர்கள் சொல்லுவதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அடிக்கடி வருகிற வாடிக்கைக்காரனுக்குச் சலுகை காட்டுவது வியாபார தர்மம்" என்கிறார்கள். காட்டட்டும். காபி ஹோட்டலில் தினம் வருகிறவனுக்கு முதலாளி ஒரு ஸ்பூன் டிகாக்ஷன் அதிகம் விடட்டும். அது முதலாளியின் டிகாக்ஷன். ஆனால் அவன் எதிரிலுள்ள நாற்காலியில் யாரும் உட்காராதபடி ஆள் போட்டு, காசு கொடுத்த குடும்பத்தை இரண்டு மேஜையில் பிரித்து உட்கார வைத்தால், அந்தச் சலுகை முதலாளியின் பையிலிருந்து போகவில்லை. மற்றவன் பையிலிருந்து போகிறது.

"எப்படியும் காலியாகப் போகிற ஆசனம்தானே" என்கிறார்கள். எப்படியும் காலியாகுமானால் முன்கூட்டிப் பூட்டுவானேன்? திறந்தே இருக்கட்டும். எல்லோரும் தங்கள் தேவைப்படி எடுத்த பிறகு மிஞ்சுவது எவர் பக்கத்தில் மிஞ்சினாலும் மிஞ்சட்டும். அதற்கு யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

"கார்டு யாருக்கும் கிடைக்கும், ஜாதி பார்த்துக் கொடுப்பதில்லை" என்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பறக்கிறவன் ஆயுள் முழுவதும் பறந்தாலும் தங்கப் படி ஏற முடியாது. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் யார் செலவில் ஏறுகிறார்கள்? கம்பெனி உத்தியோகஸ்தர் கம்பெனிப் பணத்தில், சர்க்கார் உத்தியோகஸ்தர் வரிப்பணத்தில். சர்க்கார் வேலையாகப் பறந்து சேர்ந்த புள்ளிகளை அந்தந்த இலாகாவின் பிரயாணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று இந்திய சர்க்காரே உத்தரவு போட்டிருக்கிறது. புள்ளியை இலாகாவுக்குக் கொடுக்கலாம். பக்கத்துக் காலி ஆசனத்தை எப்படி இலாகாவுக்குக் கொடுப்பது? அது அந்த ஆளோடுதான் போகும்.

"இது தனியார் வியாபாரம், நீ யார் கேட்க?" என்று கடைசியில் மிரட்டுகிறார்கள். விமானம் தனியாருடையதாக இருக்கலாம். அது இறங்கும் இடம் யாருடையது? 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்ட திருச்சி விமான நிலையத்தின் புதுக் கட்டடத்தை 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டியது இந்திய விமான நிலைய ஆணையம் என்னும் பொது ஸ்தாபனம். பொது ஸ்தாபனத்தின் ஓடுபாதையில் ஓடுகிறவன் பொது நியாயத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸும் தனியாருடையதாகத்தான் இருந்தது. லைசென்ஸ் என்றவுடன் நியாயம் விளங்கிவிடவில்லையா?

பக்கத்தில் காலியிடம் வேண்டுமென்று ஒருவன் நினைப்பதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. பருத்த உடம்புக்காரர், கால் வலிக்காரர், தனிமையை விரும்புகிறவர் உலகத்தில் உண்டு. அதற்கு நேர்மையான வழியும் உண்டு. 2020 ஜூலையில் இண்டிகோ கம்பெனி ஒரே பிரயாணி இரண்டு ஆசனம் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது. வேண்டுகிறவர் காசு கொடுத்து வாங்கட்டும். நமது சண்டை காசு கொடுத்தவரோடு அல்ல.

செய்ய வேண்டியது

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைகளை, அதே பி.என்.ஆர். நம்பரில் பிரயாணம் செய்யும் பெற்றோரிலோ காப்பாளரிலோ ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. தாயையும் பிள்ளையையும் பிரிக்காதே என்று சொல்லுவதற்கு ஒரு சர்க்கார் உத்தரவு வேண்டியிருந்தது என்பதே வெட்கக்கேடு. ஆனாலும் அது வந்தது. ஆகவே தோழர்களே, பிள்ளைகளோடு சீட்டு வாங்கும்போது எல்லோரையும் ஒரே பி.என்.ஆர். நம்பரில் பதிவு செய்யுங்கள். பிரித்துப் போட்டால் கவுண்டரிலேயே அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டும் நடக்காவிட்டால் மத்திய சர்க்காரின் ஏர்சேவா மூலமாகப் புகார் எழுதுங்கள். தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள்.

அந்த உத்தரவில் குழந்தை இருக்கிறது, முதல் முறை விமானம் ஏறும் கிழவி இல்லை. எழுத்து வாசனை அறியாத அவள், பெல்ட்டை எப்படிப் போடுவது என்றுகூடத் தெரியாமல், மகனிடமிருந்து பதினைந்து வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பாள். ஆகையால் நமது கோரிக்கை இவ்வளவுதான். ஒன்று, கார்டுக்காக ஆசனத்தைப் பூட்டுகிற கம்பெனி அதைச் சீட்டிலேயே வெளிப்படையாக அச்சடிக்க வேண்டும். இரண்டு, ஒரே சீட்டில் வந்தவர்கள் பிரிந்திருக்கும்வரை எந்தக் கார்டுக்காகவும் ஆசனம் பூட்டப்படக் கூடாது. மூன்று, ஆசனம் மிஞ்சுமானால் முதலில் கைக்குழந்தைக்காரிக்கும், வயோதிகருக்கும், நோயாளிக்கும் பக்கத்தில் விட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால் கார்டுக்காரர் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளட்டும்.

கார்டு வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் நம் கிராமத்திலிருந்து படித்து மேலே போனவர்கள். உங்கள் தகப்பனார் எந்தத் திண்ணையில் உட்கார முடியாமல் தெருவில் நின்றாரோ, அதைப் போன்ற ஒரு திண்ணையை உங்களுக்கு இனாமாகக் கொடுக்கிறார்கள். அதுவும் சாசுவதமல்ல. அடுத்த வருஷம் மைல் குறைந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பக்கத்து ஆசனம் காலியாயிருக்க, எங்கோ பின்னால் ஒரு கிழவி தன் மகன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தால், சிப்பந்தியைக் கூப்பிட்டு, "இந்த இடம் காலிதான், அந்த அம்மாளையும் மகனையும் இங்கே உட்கார வையுங்கள், நான் அங்கே போகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை. மனிதத்தன்மை இருந்தால் போதும்.